ஆல்டோவை விற்றுவிட்டுப் பழைய எஸ்.யூ.வி. வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் ஆல்டோ 800, எல்.எக்ஸ்.ஐ. இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மனைவி, ஆறு வயது மகள், அம்மாவுடன் தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அதில்தான் போய் வருகிறோம், பெரும்பாலும் இரவில். பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்தால் வண்டி ஆடுகிறது. ‘லாரிக்காரன் இடித்தால் அப்பளம்தான், பெரிய வண்டியாக மாற்று’ என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். தெரிந்த புரோக்கர் ஒருவர் 2013 மாடல் எஸ்.யூ.வி. ஒன்றை நாலரை லட்சத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – தாம்பரம் வாசகர்

பதில்: அந்த எஸ்.யூ.வி.யை வாங்காதீர்கள். ஆல்டோவில் இரவுப் பயணத்தையும் நிறுத்துங்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் பயப்படுவது லாரிக்கு. லாரி விஷயத்தில் எஸ்.யூ.வி. உங்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து ஆல்டோ 1,000 கிலோ, எஸ்.யூ.வி. 2,000 கிலோ, சரக்கேற்றிய லாரி 25,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டோவும் எஸ்.யூ.வி.யும் தலா 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், அந்த ஒரு நொடிக்குள் ஆல்டோவின் வேகம் 80 கி.மீ. மாறும், எஸ்.யூ.வி.க்கு 40தான். உடம்பு வாங்கும் அடியை அந்த மாற்றம்தான் தீர்மானிக்கிறது. எனவே காரும் காரும் மோதும்போது சின்ன வண்டிக்கு நஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. அதே வேகத்தில் லாரியோடு மோதினால்? ஆல்டோவுக்கு 115 கி.மீ. மாற்றம், எஸ்.யூ.வி.க்கு 111. அந்த 4 கி.மீ. வித்தியாசத்துக்காகவா நாலரை லட்சம்?

உங்கள் ஆல்டோ நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை. 2014-ல், கார்களை மோதவிட்டுச் சோதித்து ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-ஐ 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜிய ஸ்டார். உங்கள் மாடலில் ஏர்பேக் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டிய ஆப்ஷன். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. இரண்டையும் பிறகு பொருத்த முடியாது. ‘பொருத்தித் தருகிறோம்’ என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் 2013 எஸ்.யூ.வி. மட்டும் என்ன யோக்கியம்? ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் எல்லாக் காருக்கும் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு அதற்கும் பிறகு. முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபரிலும் வந்தன. அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு உயரமாக, எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும் உள்ளே இதெல்லாம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016-ல் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவைச் சோதித்தபோது அதுவும் பூஜ்ஜிய ஸ்டார்தான். போதாததற்கு, உயரமான பழைய வண்டியை 100-ல் போகும்போது சட்டென்று ஒடித்தால் கவிழக்கூடும். ஆல்டோ அவ்வளவு எளிதில் கவிழாது.

ஸ்டார் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஷோரூமில் இதைத்தான் முதலில் விற்கிறார்கள். அந்தச் சோதனை கிட்டத்தட்ட தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். ஒரு டன் காரின் 5 ஸ்டாரும் இரண்டு டன் காரின் 5 ஸ்டாரும் ஒன்றோடொன்று மோதும்போது சமம் ஆகாது. லாரிக்கு எதிராக எந்த ஸ்டாரும் கிடையாது.

இனி லாரி. நெடுஞ்சாலையில் சின்னக் காருக்கு எமன், எதிரே வரும் லாரியைவிட, விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான். நான்குவழிச் சாலையில் நடுவே தடுப்பு இருப்பதால் எதிர் லாரி நம் பக்கம் வருவது அரிது. ஆனால் விக்கிரவாண்டி தாண்டி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று டீக்கடை இருக்கும் இடமெல்லாம் பாதி உடம்பு ஓரத்திலும் பாதி உடம்பு நம் லேனிலுமாக லாரி நிற்கும். அதன் பின்புறத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சரக்குத் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். ஆல்டோவின் பானெட் முனை அதைவிடத் தாழ்வு. காரின் பலமெல்லாம் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சேசிஸ் தண்டுகளில்தான். நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டியவை அவை. அவை எதிலும் இடிக்காமல் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். முதலில் இடிப்பது முன்கண்ணாடி, அடுத்தது உள்ளே இருப்பவர் முகம். ஏர்பேக் இருந்தாலும், வேகம் சட்டென்று குறைந்தால்தான் அது வெடிக்கும். அடியில் நுழையும்போது அந்தக் குறைவு தாமதமாகவே வருகிறது. சில எஸ்.யூ.வி.க்கு பானெட் கொஞ்சம் உயரம் என்பதால் சற்று மேல், அவ்வளவுதான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. லாரியின் பின்னால் குறுக்குத் தண்டு இருக்க வேண்டும். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. வண்டியின் சேசிஸோடு பிணைந்து அடியைத் தாங்க வேண்டும். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிர்பட்டை ஒட்ட வேண்டும். நடப்பது என்ன? எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் அன்று பட்டறையில் ஒரு மெல்லிய இரும்பு ஆங்கிளைப் பற்றவைத்து, ஒளிர்பட்டை ஒட்டி, புரோக்கர் மூலம் முத்திரை வாங்கி வருகிற வண்டிகள் ஏராளம். அந்த ஆங்கிளை நம்பி மோதினால் அது முதல் தட்டிலேயே மடங்கிக் கீழே போகும். ரோந்து வண்டி ஹெல்மெட் போடாதவரைத் துரத்துகிற நேரத்தில் பாதி நேரம் ஓரத்தில் நிற்கும் லாரிகளை எழுப்பி அனுப்பினால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும். யாரிடம் சொல்ல? குறைந்தது 1033-க்கு அழைத்து, அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது.

உங்கள் கையில் இருப்பது வேகமும் நேரமும்தான். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 50 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 36 மீட்டர். மொத்தம் 69. அதாவது லாரி கண்ணில் பட்டபோதே நீங்கள் மோதியாகிவிட்டது. 100-ல் போனால் இதுவே 98 மீட்டர். இரவில் போயே ஆக வேண்டுமென்றால் 60. அதற்குப் பொறுமை இல்லையென்றால் தாம்பரத்திலேயே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள், நாகர்கோவிலில் இறங்கலாம். காரில் போவதென்றால் காலை ஐந்தரைக்கு மேல் கிளம்புங்கள்.

பகலில் கவனிக்க வேண்டியது வேறு. நம் ஊர் லாரிகள் வலது லேனை விடாது. நாமும் இடதுபக்கமாக ஏறிப்போகப் பழகிவிட்டோம். லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலதுபுறம், உயரத்தில். இடதுபுறம் கேபினை ஒட்டி வரும் ஆல்டோவின் கூரைகூட அவருக்குத் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்து, வலதில் இடம் கிடைக்கும்வரை பின்னால் மூன்று விநாடி இடைவெளி விட்டு வாருங்கள். லாரி ஒரு பாலத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, மூன்று விநாடி கழித்து நீங்கள் அதே இடத்துக்கு வந்தால் சரி. தாண்ட ஆரம்பித்தால் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்காமல் சட்டென்று தாண்டி முடியுங்கள்.

உங்களிடம் ஏ.பி.எஸ். இல்லை என்பதை மறக்காதீர்கள். பயத்தில் பிரேக்கை முழுதாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போது ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் வழுக்கும். விலகவேண்டும் என்றால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டால்தான் வண்டி திரும்பும்.

பஸ் கடக்கும்போது ஆடுவது கோளாறு அல்ல. முதலில் காற்று வெளியே தள்ளும், பஸ்ஸின் நடுப்பகுதி வந்ததும் உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, எதிர்த்து முறுக்காமல் நேராக வைத்தால் போதும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை பக்கக்காற்று பலமாக இருக்கும். அங்கே 60-க்கு மேல் வேண்டாம், கூரையில் கேரியர் வைத்துச் சாமான் கட்டவும் வேண்டாம். சாதாரண நாளிலும் ஆட்டம் அதிகம் என்றால் டயரைப் பாருங்கள். உங்களுக்கு 145/80 ஆர்12, ஒல்லியான டயர். காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் கதவு நிலையில் ஸ்டிக்கர் இருக்கும். நான்கு பேரும் சாமானும் என்றால் முழுச் சுமைக்கான அளவு. வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், அம்மா உட்பட. 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது மெர்சிடிஸ் பென்ஸ் காரின் பின் சீட்டில், பெல்ட் போடாமல். மகளைப் பின் சீட்டின் ஓரத்தில், பூஸ்டர் சீட் வைத்து, மூன்று முனை பெல்ட்டில் உட்கார வையுங்கள். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் படிய வேண்டும். முன்னால் மடியில் வைப்பது அறவே கூடாது. டிக்கியில் அரிசி மூட்டை வைத்தால் அடியில் வையுங்கள், பின் சீட்டு முதுகைவிட உயரமாக எதையும் அடுக்காதீர்கள். பரனூர் டோலில் வரிசை நிற்கும்போது கடைசி வண்டி நீங்கள் என்றால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் இடைவெளி விட்டு, பின்கண்ணாடியில் கண் வைத்திருங்கள். ஆல்டோவில் பின் சீட்டுக்காரர் தலைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு.

‘கொஞ்சம் பலப்படுத்தலாம்’ என்று பம்பர் கார்டு போடச் சொல்வார்கள். மூவாயிரமோ ஐயாயிரமோ வாங்கிக்கொண்டு இரும்புக் குழாயைச் சேசிஸ் தண்டில் நேராக போல்ட் போடுவார்கள். நசுங்க வேண்டிய இடம் நசுங்காமல் அடி நேராக உள்ளே வரும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே நடவடிக்கை எடுக்கச் சொன்ன பிறகும் கடைகளில் வரிசையாகத் தொங்குகிறது. பெல்ட் அலாரத்தை அடக்கும் கிளிப்பும் அப்படித்தான். இணையத்தில் விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உத்தரவிட்டது.

மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே பணத்தில் 2020-க்குப் பிந்தைய, இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள ஹேட்ச்பேக் தேடுங்கள். டாடா டியாகோவுக்கு 2020-ல் 4 ஸ்டார். கொஞ்சம் பணம் சேர்த்தால் 2021-ல் 5 ஸ்டார் வாங்கிய டாடா பஞ்ச்.

எதை வாங்கினாலும் புரோக்கர் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டிக்கு வெறும் மூடி மட்டும் மாட்டி விற்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றிவிட்டார்கள், அது இன்னும் மோசம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியவை ஏலம் போய், மெருகேறி, மறுபடி சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. கதவு ரப்பரை உரித்துப் பாருங்கள்; கம்பெனி ஸ்பாட் வெல்டு சீரான சிறு வட்டங்களாக இருக்கும், பட்டறை வெல்டு திட்டுத் திட்டாக இருக்கும். வண்டியை ஒரு நாள் முழுவதும் உங்கள் மெக்கானிக்கிடம் விட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆல்டோவை விற்கும்போதும் அதே புரோக்கர் ‘கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்’ என்பார். பார்த்துக்கொள்ள மாட்டார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பெயர் மாறாதவரை அந்த வண்டி யாரை இடித்தாலும் நஷ்டஈடு கேட்டு வரும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.