அப்பா இறந்த பிறகு யாருடையது இந்தக் கடை?

கேள்வி: கரூரில் அப்பாவும் அண்ணனும் மட்டும் பங்குதாரர்களாக இருந்து ஜவுளி நிறுவனம் நடத்தினார்கள். லாபத்தில் அப்பாவுக்கு 60 சதவீதம், அண்ணனுக்கு 40. சென்ற ஆண்டு அப்பா உயில் எழுதாமல் காலமானார். "ஒப்பந்தத்தில் உன் பெயர் இல்லை, உனக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார் அண்ணன். ஆனால் ஆடிட்டர் மூலம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

பதில்: ஒன்றும் கிடையாது என்றால் கையெழுத்து எதற்கு? அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கி, உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். 'பேங்க்குக்காகத்தான்' என்று நீட்டப்படும் காகிதம் பல வீடுகளில் விடுதலைப் பத்திரமாக, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரமாக, இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. வாரிசு என்பதாலேயே நீங்கள் பங்குதாரர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் நிறுவனத்தில் அப்பாவுக்குச் சேர வேண்டிய தொகை அப்பாவின் சொத்து. நீங்கள் இந்து என்றால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமம். அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் நான்காகப் பிரியும். 'உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே' என்ற பேச்சு இங்கே செல்லாது.

அடுத்தது அண்ணனுக்கே தெரியாமல் இருக்கலாம். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு பங்குதாரர் இறந்தால் நிறுவனம் கலையும். 'ஒருவர் இறந்தாலும் தொடரும்' என்ற ஷரத்து மூன்று, நான்கு பேர் இருக்கும் இடத்தில் உதவும். இருவர் மட்டுமே என்றால் உதவாது. ஒற்றை ஆள் கூட்டு நடத்த முடியாதே. 1965-இல் சேத் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆக, அப்பா இறந்த அன்றே அந்த நிறுவனம் முடிந்தது. இப்போது அதே போர்டின் கீழ் நடப்பது அண்ணனின் தனி வியாபாரம். அதில் அப்பாவின் பணமும் உழைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கணக்கு முடிக்காத காலத்துக்கு அந்தப் பணத்தால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கேட்கலாம் என்கிறது 37-ஆம் பிரிவு.

60 சதவீதம் என்பது லாப விகிதம், சொத்தில் அப்படியே 60 அல்ல. முதலில் வெளிக்கடன், அப்புறம் பங்குதாரர்கள் கொடுத்த கடன், பிறகு அவரவர் மூலதனம், மிஞ்சுவதுதான் 60:40. குடோன் நிலம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கவனம்: ஏட்டில் வாங்கிய காலத்து விலைதான் இருக்கும், சந்தை மதிப்பில் கணக்குப் போடச் சொல்லுங்கள். குடோனில் ஒரு பகுதியைப் பிரித்துக் கேட்க முடியாது; உங்களுக்கு உரியது பணம்.

கணக்குக் கேட்டு வழக்குப் போட, நிறுவனம் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். நிறுவனம் பதிவாகவில்லை என்பது இந்த வழக்குக்குத் தடை இல்லை. பெரியவர்களை வைத்துப் பேசுவது நல்லதுதான், ஆனால் அதற்காகக் கெடு நின்று காத்திருக்காது. பேச்சு நடக்கும்போதே கடைசி மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட்டையும் அப்பாவின் மூலதனக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்பா பேங்க் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தால் அவர் இறந்த தகவலை உடனே பேங்க்குக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அம்மாவிடம் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.