டாக்டரைக் கேளுங்கள்: அக்கிக்கு மூன்று நாள் கெடு

கேள்வி: என் கணவருக்கு வயது 61. வலது விலாவில் நான்கு நாளாக எரிச்சல். வாயுப் பிடிப்பு என்று விட்டுவிட்டோம். பிறகு கொப்புளம் வந்தது, ஏதோ களிம்பு தடவினோம். டாக்டரிடம் போனபோது கொப்புளம் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. “அக்கி இது, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில்: அந்த முதல் நான்கு நாளுக்காக உங்களைக் கடிந்துகொள்ள யாருக்கும் உரிமை இல்லை. எனக்கு 54 வயதில் அக்கி வந்தபோது எனக்கே தெரியவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே எரிச்சல். நாள் முழுக்கக் குனிந்து நோயாளிகளைப் பார்ப்பதால் தசை பிடித்துக்கொண்டது என்று நானே முடிவுகட்டி, வலிக் களிம்பை அப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: கட்டை விரலால் அழுத்தினால் பெரிதாக வலிக்கவில்லை, சட்டைத் துணி லேசாக உரசினால் சுரீர் என்றது. தசைப் பிடிப்பு இப்படிப் பேசாது, நரம்புதான் பேசும். மறுநாள் குளிக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் பார்த்தேன். சிவந்த திட்டின் மேல் கொத்துக் கொத்தாக நீர் கோத்த பொடிக் கொப்புளங்கள், முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி விலா வழியாக ஒரு பட்டை.

ஒரே பக்கம், ஒரே பட்டை, கொப்புளத்துக்கு முன்பே எரிச்சல். இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் அக்கியைச் சந்தேகியுங்கள்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும். ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்துப் பார்த்து, 1965-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

மாத்திரைக்கான கெடு 72 மணி நேரம். எரிச்சல் தொடங்கிய நாளிலிருந்து அல்ல, கொப்புளம் தெரிந்த நேரத்திலிருந்து கணக்கு. இந்த மருந்துகள் வைரஸைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன. பெருகி முடித்த பிறகு தடுத்து என்ன பயன்? ஆனாலும் புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தால் கெடு தாண்டியும் கொடுப்பதுண்டு. களிம்பு இதற்கு உதவாது, சண்டை நடப்பது நரம்பில்.

நான் எடுத்தது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்தும் இரண்டு வேளை தப்பிப்போனது. அந்த அனுபவத்தால் என் நோயாளிகளுக்கு முடிந்தவரை வாலாசைக்ளோவிர்தான் எழுதுகிறேன்: 1000 மில்லிகிராம், 3 வேளை, 7 நாள். எதுவானாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் கணவருக்குத் தோல் ஆறி மூன்று மாதமாகியும் எரிச்சல் நீடித்தால், சாதாரண வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள். அந்த நரம்பு வலிக்கு காபாபென்டின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: அக்கி இடுப்பைச் சுற்றி வளைத்து இரு முனையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்தாமே?

பதில்: சேரவே சேராது. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் பொறுப்பு, நடுக்கோட்டில் நின்றுவிடும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு உடம்பெங்கும் சிதறிக் கொப்புளம் வரலாம். அப்போது நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நெற்றியில் இடது பக்கம் கொப்புளம். மூக்கு நுனியில் இரண்டு. கண் சிவக்கவில்லை. காத்திருந்து பார்க்கலாமா?

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சாகும் வரை நான் பொறுக்கவில்லை. அன்றே போனில் கூப்பிட்டு, கண் மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக் கிளைதான் கருவிழிக்கும் போகிறது. மூக்கில் கொப்புளம் என்றால் அடுத்தது கண்ணாக இருக்கலாம். இங்கே 72 மணி நேரம் தாண்டிவிட்டதே என்றும் தயங்கக் கூடாது. காதில் கொப்புளம் வந்து, முகம் ஒரு பக்கம் கோணினாலும் இதே அவசரம்தான்.

கேள்வி: மாமனாருக்கு அக்கி. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரே வீட்டில் இருக்கலாமா?

பதில்: உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? ஆம் என்றால் நிம்மதியாக இருங்கள். இல்லை என்றாலும், தெரியாது என்றாலும் இன்றே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அவரிடமிருந்து உங்களுக்கு அக்கி ஒட்டாது, சின்னம்மை ஒட்டலாம். கொப்புள நீர்தான் ஆபத்து. அவர் அதைத் துணியால் மூடிவைக்கட்டும், துண்டு தனியாக இருக்கட்டும். பொருக்கு உதிரும் வரை ஒதுங்க வேண்டாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டினாலே போதும், பெரும்பாலும் 7 முதல் 10 நாள்.