6ஜி சான்றிதழுக்கு 45,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் போய்விட்டது. காலேஜ் வேண்டாம், வெல்டர் ஆகிறேன் என்று கொருக்குப்பேட்டையில் ஒரு கிரில் பட்டறைக்கு ஆறு மாதமாகப் போகிறான். 45,000 ரூபாய் கட்டினால் இரண்டே மாதத்தில் 6ஜி சான்றிதழ், அடுத்து துபாயில் வேலை என்கிறார் ஒருவர். முதலில் விசிட் விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள், அம்மா. பையன் தேர்ந்தெடுத்த தொழிலில் ஒரு குறையும் இல்லை. குறை அந்தக் காகிதத்தில்தான்.

6ஜி என்பது வெல்டருக்கு வைக்கும் ஒரு சோதனை. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். கீழே, பக்கவாட்டில், தலைக்கு மேலே என்று எல்லா நிலையும் ஒரே மூட்டில் வந்துவிடுவதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் எந்த நிறுவனம் தன் முறைப்படி சோதித்ததோ, பொதுவாக அந்த நிறுவனத்து வேலைக்குத்தான் அந்தத் தேர்ச்சி செல்லும். குழாய் வேலைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தாலே அது காலாவதி. மணலி ஆலைகளில் ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்) வேலைக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரானாலும் துபாய் கம்பெனியானாலும், காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஹோல்டரைக் கையில் கொடுத்து 'போட்டுக் காட்டு' என்பார்கள்.

கிரில் பட்டறையில் ஹோல்டர் பிடித்துக் கை நிதானப்பட்டிருக்கும், நல்லதுதான். ஆனால் மெல்லிய சதுரக் குழாயில் 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடால் டேக் அடிப்பது (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) வேறு, சோதனைக்குப் போடுவது வேறு. 10 மில்லிமீட்டர் தகடு இரண்டை எடுத்து, விளிம்பை 30 டிகிரி சாய்த்துக் கிரைண்டரால் தீட்டி, நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே போடப் பழகச் சொல்லுங்கள். முதல் வரிசையான ரூட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு, அதன்மேல் 3.15. ரூட் பின்பக்கம் வரை உருகி இறங்காவிட்டால், மேலே எவ்வளவு அழகாகப் போட்டாலும் தோல்விதான். ஒவ்வொரு வரிசைக்கும் ஸ்லாக்கை (மூட்டின்மேல் படியும் கசடை) சுத்தமாகத் தட்டாவிட்டால் எக்ஸ்ரேயில் அது கோடாகத் தெரியும். மூட்டிலிருந்து பட்டையாக அறுத்து வளைக்கும்போது 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் போச்சு.

உறுதியான மூட்டுகளுக்குப் போடும் 7018 ராடு ஈரத்தை இழுக்கும். நம் பக்கத்துக் கடற்காற்றில் பாக்கெட்டை ஒரு ராத்திரி திறந்து வைத்தாலே மறுநாள் மூட்டில் ஊசித்துளை விழலாம், சில மணி நேரம் கழித்து விரிசலும் வரலாம். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடாகவே வைத்திருந்து எடுக்க வேண்டும். பயிற்சி மையத்தில் ராடு சுடும் அடுப்பு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. வட சென்னை, அம்பத்தூர் ஐடிஐகளுக்கு நேரில் போய் வெல்டர் பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் கலந்தாய்வு முடிந்திருந்தால், நேரடிச் சேர்க்கை உண்டா என்றும் கேளுங்கள். அறிவிப்பை இணையதளத்தில் போட்டுவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தால் ஊரே பார்த்திருக்கும்!

கணக்குப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை வரும். ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அதில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டாண்டு ஐடிஐ சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்பு இல்லாமலே முத்திரை நீங்கும். வெல்டர் ஓராண்டுதான், அதனால் நீங்காது. எட்டாம் வகுப்போடு சேரக்கூடிய வயர்மேன் இரண்டாண்டு, அதற்கு நீங்கும். முத்திரைக்காக மட்டும் பையனை வயர்மேனில் சேர்க்காதீர்கள், ஒரு கணக்குப் பரீட்சை அதைவிடச் சுலபம். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அப்ரன்டிஸ் தேர்வும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். அதற்கும் 'ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடு' என்று யாராவது வருவார்கள். அப்ரன்டிஸ் என்பது பயிற்சி, வேலை உத்தரவு அல்ல.

விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் காட்ட ஒப்பந்தமும் இருக்காது, காப்பீடும் இருக்காது. ஈசிஆர் அனுமதியைத் தாண்டத்தான் அந்த வழி. முறையான ஏஜென்டுக்குப் பதிவு எண் உண்டு, மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுவும் ரசீதோடு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்து வையுங்கள்.

பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தத் தனிநபருக்கும் உரிமை இல்லை. 'பாதிப் பணம் கட்டு, தருகிறேன்' என்று இழுத்தால், பேரம் பேசாமல் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான) ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.