யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போய்ப் பகுப்பாய்வு இரசாயனவியல் படித்தால் ஊருக்குப் பயன் உண்டா?

இரசாயனவியல் இறுதியாண்டில் இருக்கிறீர்கள், சூழல் பிரச்சினைகளில் ஆர்வம், வெளிநாட்டில் பகுப்பாய்வு இரசாயனவியலில், அதாவது ஒரு பொருளில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் துறையில், முதுமாணி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். நானும் யாழ்ப்பாணம்தான், ஐரோப்பாவில் இதே துறையைப் படித்தேன். எங்கள் மண்ணுக்கு இதைவிடத் தேவையான படிப்பு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் துவாரமும். மேலே எதை விட்டாலும் சரியாக வடிபடாமலே கீழே போய்விடும். வெங்காயத்துக்குப் போடும் யூரியாவும் வளவுக்குள் வெட்டிய மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணற்றுக்கு நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்ந்த உப்பைக் கொண்டுவருகின்றன. அது கூடினால் பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

சுன்னாகம் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்று சனங்கள் போராடினார்கள். ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதுவரை கிணற்று நீரை நம்பிக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன! பகுப்பாய்வு இரசாயனவியலின் இடம் இதுதான். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும் தண்ணீரைப் பிளாஸ்டிக் போத்தலில் எடுத்தால் எண்ணெயில் ஒரு பகுதி போத்தல் சுவரிலேயே ஒட்டிவிடும். பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களுக்குக் கண்ணாடிக் குப்பியைக் காற்றிடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆவியாகிப் போய்விடும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் போட்டாலும் வரும் அளவை நம்ப முடியாது.

அலகு இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டுச் சொன்னால் ஏறத்தாழ 11தான். அறிக்கையில் 20 என்று மட்டும் போட்டிருந்தால், எதுவாக அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கிணறு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

ஆகவே பாடநெறியைத் தெரிவு செய்யும்போது எத்தனை கருவி வைத்திருக்கிறார்கள் என்பதில் மயங்காதீர்கள். மாதிரி எடுத்தல், அளவீட்டு நிச்சயமின்மை (அளந்த எண் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பது), முறையைச் சரிபார்த்தல், ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 சர்வதேசத் தரம் ஆகியவற்றைத் தனிப் பாடங்களாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. அங்கு ஒரு வருடமும் சுவீடன், பிரான்ஸ், பின்லாந்து ஆகியவற்றில் ஒன்றில் மறு வருடமும் படிக்கும் எராஸ்மஸ் முண்டுஸ் என்ற, ஐரோப்பிய ஒன்றியம் ஆதரிக்கும் கூட்டு முதுமாணி நெறி நடந்திருக்கிறது. இப்போது அனுமதி நடக்கிறதா என்பதை அவர்களின் தளத்திலேயே பாருங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, செலவுக்கு மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தில் எங்களைப் போன்றவர்கள் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு வங்கியில் முடக்கி வைக்கும் பணம்தான் அங்கே பெரிய சுமை. கடன்பட்டுப் போவதைவிட இன்னொரு வருடம் காத்திருந்து புலமைப்பரிசிலுக்கு முயல்வது நல்லது என்பேன்.

எராஸ்மஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் உங்கள் ஆய்வுக்குச் சில தோட்டக் கிணறுகளையும் வீட்டுக் கிணறுகளையும் எடுத்து, மாரி மழைக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று அளந்து பாருங்கள். வெற்று மாதிரியும் (சுத்தமான நீரை மட்டும் அதே முறையில் அளப்பது) இரட்டை மாதிரியும் (ஒரே கிணற்றில் இரண்டு தடவை எடுப்பது) ஒவ்வொரு தடவையும் வையுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் அந்தக் கிணறுகளைப் பற்றியே எழுதுங்கள். சூழலில் ஆர்வம் உண்டு என்று எல்லோரும் எழுதுவார்கள், கையில் தரவோடு வருபவர்கள் மிகக் குறைவு.