வாசகர் கேள்விகள்: நீலகிரித் தைலத்தை எதற்குத் தடவலாம், எங்கே தடவக் கூடாது?

கேள்வி: ஊட்டிக்குச் சென்றுவந்த உறவினர் ஒரு பெரிய புட்டி நிறைய நீலகிரித் தைலம் வாங்கித் தந்திருக்கிறார். சளி பிடித்தால் இதைக் கலந்து ஆவி பிடிக்கிறோம். இதனால் சளி உண்மையில் குறைகிறதா? (வாசகி, கரூர்)

பதில்: ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு, விறகுத் தேவைக்காக நீலகிரியில் பெருமளவில் நடப்பட்ட தைல மரத்தின் இலைகளை வேகவைத்து, எழும் ஆவியைக் குளிரச்செய்து பிரித்தெடுப்பதே இந்தத் தைலம். இதன் பெரும்பகுதி சினியோல் என்னும் வேதிப்பொருள். அது மூக்கின் உட்புறத்தில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், அடைப்பு விலகி மூச்சு தாராளமாக ஓடுவதைப் போல உணர்கிறோம். உள்ளே இருக்கும் வீக்கம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். சளியை உண்டாக்கிய கிருமியையும் இது விரட்டுவதில்லை. ஆனாலும் இரவில் மூக்கடைப்பால் புரண்டு படுப்பவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல் என்பதால், பெரியவர்கள் இதைப் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை.

ஆவி பிடிக்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அகலமான மேசையின் மீது அசையாமல் வைத்து, கொதி அடங்கிய பிறகு இரண்டு மூன்று சொட்டு மட்டும் விட்டு, கண்களை மூடிக்கொண்டு முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். தைலம் எளிதில் தீப்பற்றும் பொருள். எரியும் அடுப்பின் மேலேயே ஊற்றுவது ஆபத்து. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இதன் நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும் என்பதால், அவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்கு மூக்கடைத்தால் என் மாமியார் மூக்கின் ஓரத்தில் இந்தத் தைலத்தைத் தடவுகிறார். இருமலுக்கு வெந்நீரில் ஒரு சொட்டு விட்டுக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டுமே கூடாது. உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தருகே இத்தகைய காட்டமான தைலத்தைக் கொண்டுசென்றால், குரல்வளை திடீரென இறுகி மூச்சே தடைபட வாய்ப்புண்டு. கற்பூரம் கலந்த தைலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதுமானது.

உள்ளுக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்தானது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவுத் தைலம் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வாந்தி, தள்ளாட்டம், ஆழ்ந்த மயக்கம், வலிப்பு வரை போகக்கூடும். சில குழந்தைகளுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். அறிகுறிகள் அரை மணி நேரத்திற்குள்ளாகவே தொடங்கிவிடலாம். பல வீடுகளில் இருமல் மருந்துப் புட்டியும் தைலப் புட்டியும் ஒரே அலமாரியில் அருகருகே நிற்பதால், தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிக் கொடுத்துவிடும் விபத்தும் நேர்கிறது. ஆகவே தைலத்திற்கு வேறு அலமாரி, அதுவும் உயரத்தில், பூட்டுடன் இருக்கட்டும்.

குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை மோசமாகும். மருத்துவமனைக்கு உடனே புறப்படுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். எவ்வளவு குடித்தது என்று மருத்துவர் கணிப்பதற்காகப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு நேரடியாகத் தேய்த்ததில் தோல் சிவந்து எரிகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கலக்காமல் தேய்த்ததன் விளைவு அது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எரிச்சல் முழுவதும் அடங்கும்வரை எதையும் தடவாதீர்கள். பிறகு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஆறு சொட்டு என்ற அளவில் கலந்து, முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் மூட்டில் தடவலாம். தேய்த்த இடத்தில் உண்டாகும் சூட்டுணர்வு வலியைச் சற்று மறக்கச் செய்யும், அவ்வளவே. மூட்டுத் தேய்மானம் இதனால் சரியாகாது. புண்ணிலோ கண்ணருகிலோ படக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: வாங்கிய தைலம் கலப்படமா என்று எப்படி அறிவது? (வாசகர், ஈரோடு)

பதில்: வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றாட வையுங்கள். நல்ல தைலம் பெரும்பாலும் தடமின்றி ஆவியாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கலாம். டர்பன்டைனும் ஆவியாகக் கூடியதே என்பதால் அதன் கலப்படம் இந்தச் சோதனையில் சிக்காது. எனவே தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட, அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் உள்ளதையே வாங்குங்கள்.