அவளுக்கு யாரு என்ன செஞ்சாங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் வீட்டில் எல்லோருமாக 'லோகா சாப்டர் 1: சந்திரா' பார்த்தோம். தியேட்டரில் ஓடியபோது விட்டுப்போனது. மலையாளத்திலேயே பார்த்தோம், நம்ம பக்கத்தில் அதற்கு டப்பிங் எதற்கு? கல்யாணி பிரியதர்ஷன் ஆட்களைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தபோது என் பன்னிரண்டு வயது மகள் சொன்னாள்: "இருங்க, இனி இவளுக்கு யாரு என்ன கொடுமை செஞ்சாங்கன்னு காட்டுவாங்க." சொன்ன மாதிரியே பழைய கதை வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த சண்டைக்காரிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு முன்கதை இருக்கிறது. இது சினிமாவின் பழக்கம் மட்டுமா? காமிக்ஸ், வீடியோ கேம், நம் வில்லுப்பாட்டு எல்லாவற்றிலும் இதுதானா?

இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. மகனும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பக்கத்துச் சண்டைக் கலையான அடிமுறை படிக்கப் போகிறார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்றுதான் மகளைச் சேர்த்தேன். இப்போது ஆசான் அவளைத்தான் மெச்சுகிறார்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

எனக்கு நாற்பது வயதுக்கு மேல் உறைத்தது உங்கள் மகளுக்குப் பன்னிரண்டிலேயே உறைத்துவிட்டது. பிள்ளைக்கு என் முத்தம்.

அந்தச் சந்திரா உங்களுக்கு அசலூர்க்காரி இல்லை. தக்கலையில் நாகர்கோவில் பஸ் ஏறினால் சுங்கான்கடை தாண்டியதும் கள்ளியங்காடு வருமே, அந்தக் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிதான் அவள். கேரளத்தில் அவளைக் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அடக்கினார் என்பார்கள். நம் பக்கத்து வில்லுப்பாட்டில் அவளை யாரும் அப்படிச் சுலபமாக அடக்கிவிட முடியாது.

சின்ன வயதில் அம்மாவின் ஊர்க் கோயில் கொடைவிழாவில் நீலி கதை கேட்டிருக்கிறேன். பாடியது ஒரு பெண். நடுச்சாமம் தாண்டியிருக்கும். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நான் கேட்டதில், நம்பி வந்தவளை நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். பார்த்த சாட்சி கள்ளிச்செடி ஒன்றுதான். அந்த இடம் வந்ததும் குடம் அடங்கியது, உடுக்கை மட்டும் மெல்ல விம்மியது. கல் விழும் அந்த ஒரு நொடியை அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தார். முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். அதன்பிறகு செத்தவள் நீலியாகப் பிறந்து, கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவி எடுத்திருக்கும் அவன் பின்னால் கிளம்பினாள். வீசுகோல் வில்லில் இறங்கிய இறக்கத்தில் மணிகள் எல்லாம் கதறின. பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள்கூட எழுந்து நின்றார்கள்.

விடிகாலை கட்டஞ்சாயா கொண்டுபோய்க் கொடுத்தபோது பாடியவரிடம் கேட்டேன், சாகிற இடத்தை ஏன் இவ்வளவு நேரம் பாட வேண்டும் என்று. "அவளைக் கொன்னதை ஒழுங்கா பாடலேன்னா, அவ கொல்லுததை ஒருத்தனும் கேட்டுட்டு இருக்கமாட்டான் மக்களே" என்றார்.

வில்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாடுகிறவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை. நீலி என்ன உடுத்தியிருந்தாள், இடுப்பு தெரிந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்கிறவன் காதுக்குள் அவள் வளர்ந்துகொள்கிறாள். சினிமாவுக்கும் காமிக்ஸுக்கும் அந்த விடுதலை கிடையாது, யாரோ ஒருவர் உடுப்பைத் தீர்மானித்தாக வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் ஆண். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு உடுப்பை விடக் காரணம்தான் உறுத்துகிறது.

காரணமில்லாமல் வாள் எடுத்தவளும் நம்மிடம் இருந்தாள். அல்லி. 'பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை' எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. மதுரையை ஆள்கிறாள், ஆண் துணை வேண்டாம் என்கிறாள், எதிர்த்தால் படை எடுக்கிறாள், அவ்வளவுதான். கதைக்கு அது பொறுக்கவில்லை. அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் படுக்கைக்குள் புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். அழுதுவிட்டு அடித்த நீலிக்குக் கோயில், அழாமல் அடித்த அல்லிக்குத் தாலி.

சினிமா நீலியின் வழியில்தான் போனது. 1935இல் 'ஹண்டர்வாலி' என்ற இந்திப் படத்தில் நடிகை நாடியா சாட்டையைச் சுழற்றினார். டூப் போடாமல் தானே குதித்தவர். கதையில் அப்பாவைச் சிறையில் போட்டதால்தான் அந்த இளவரசி முகமூடி போடுகிறாள். 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' பார்த்துவிட்டு நானும் சித்தி மகளும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையை வீசி வீசி நடந்தோம். 1990இல் தெலுங்கில் 'கர்த்தவ்யம்' என்று வந்த அந்தப் படத்துக்கு விஜயசாந்தி தேசிய விருதும் வாங்கினார். அங்கே காக்கிதான் காரணம். நம் ஊர் நாயகன் லுங்கியோடு சந்தையில் பத்துப் பேரை அடிக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளுக்கு மட்டும் உத்தியோக ஆணை வேண்டும். உங்கள் பிள்ளைகள் படிக்கும் அடிமுறையை வைத்தே 2020இல் 'பட்டாஸ்' வந்ததே, அதில் சினேகா நன்றாகவே அடிக்கிறார். ஆனால் அவர் அடிப்பது கணவனைப் பறிகொடுத்த பிறகு. கடைசிச் சண்டையும் மகனுக்குப் போய்விடுகிறது.

இதிலெல்லாம் அகப்படாத ஒருத்தியை எனக்குக் காட்டியது அண்ணனின் டிரங்குப் பெட்டி. 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'. இரும்புக்கை மாயாவிக்குப் பழகிய பையன்களுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்துக் கடையைத் திறந்திருக்கிறார்கள், துணிச்சல்தான். மாடஸ்டி பிளைசி 1963இல் பீட்டர் ஓ'டானல் லண்டன் பத்திரிகைக்காக உருவாக்கியவள். போரில் அநாதையான பிள்ளை என்று முன்கதை உண்டு, ஆனால் அதற்காக அவள் யாரையும் அடிப்பதில்லை. குற்றக் கும்பல் ஒன்றை நடத்திப் பணம் சேர்த்து இளம்வயதிலேயே ஓய்வும் பெற்றவள், சும்மா இருக்கப் போரடிக்கிறது என்று மறுபடி ஆபத்துக்குள் இறங்குகிறாள். கூட கார்வின். காதலன் இல்லை, கூட்டாளி. தினசரித் தொடரில் ஒரு நாளைக்கு மூன்று கட்டம்தான், அதில் அழுதுகொண்டிருந்தால் மறுநாள் வாசகன் வரமாட்டான். இடம் போதாமையும் அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். (ஓவியர்கள் அவள் உடுப்பில் சிக்கனம் பிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லுப்பாட்டு இல்லையே.)

இன்னொருத்தி 'ஏலியன்' படத்தின் ரிப்ளி, 1979. விண்கப்பலில் உள்ள யாரையும் ஆண், பெண் எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு எழுதப்பட்ட திரைக்கதை அது. அதனால்தான் சிகர்னி வீவர் அதில் வேலை பார்க்கிற ஒரு ஆளாக மட்டும் இருக்க முடிந்தது. பொறுத்தார்களா? 1986இல் வந்த இரண்டாம் படத்தில் ஒரு சிறுமியைக் கையில் கொடுத்து அம்மாவாக்கிவிட்டார்கள். படம் நல்ல படம்தான், அதில் சந்தேகமில்லை.

வீடியோ கேமில் எனக்கு அனுபவம் குறைவு. அண்ணன் மகன் ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். 1996இல் வந்த 'டூம் ரைடர்' லாரா கிராஃப்ட் பெரும்பாலும் முதுகைத்தான் காட்டுவாள், ஆடுகிறவன் அவளாகவே இருந்துகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டும் இருப்பான். உருவத்தைப் பற்றி வந்த கேலியெல்லாம் நியாயமே. ஆனால் அந்த லாரா கல்லறைகளுக்குள் குதித்தது தன் விருப்பத்துக்கு. 2013இல் அவளைப் புதிதாகச் செய்தபோது உருவத்தைச் சரிசெய்தார்கள். கூடவே கப்பலை உடைத்து, தீவில் தள்ளி, கம்பியில் குத்தி, உயிர்பிழைக்கவே சண்டை கற்றவளாக்கினார்கள். முன்னேற்றம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். எனக்கு வில்லுக்காரம்மா கல்லை இழுத்து இழுத்துப் பாடியதுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம் தம்பி, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இதுதான். தப்பித்தவர்களையும் பிறகு பிடித்து உட்காரவைத்து முன்கதை கேட்கிறார்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. மகளை எதற்காக அடிமுறைக்குச் சேர்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகனை எதற்காகச் சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை. அவள் எதற்காகப் போகிறாள் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். அடிமுறையின் ஒற்றைச்சுவடுப் பயிற்சி எதுவரை வந்திருக்கிறது என்பதையும்.

அன்புடன்,
அக்கா