சொந்த ஊர்ச் சர்ச்சையை ஆய்வுக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

கேள்வி கேட்டிருப்பவர் நாகர்கோவிலில் முதுகலை படிக்கிறார். கடற்கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கும் மணவாளக்குறிச்சி மணல் ஆலை பற்றி வாத ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஆலையை எதிர்ப்பவர்கள், தானும் அப்படியே, இந்த நிலையில் நடுநிலையாக எழுத முடியுமா என்கிறார். இதே தலைப்பில் எழுதித் திருப்பி வாங்கியவள் என்பதால் பதில் சொல்கிறேன். என் ஊர் மண்டைக்காட்டுக்கு அருகில்தான்.

வாதக் கட்டுரையில் உங்களிடம் யாரும் நடுநிலை கேட்பதில்லை. உங்கள் முடிவை முதல் பக்கத்திலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த முடிவுக்கு ஒத்துவராத சான்று கையில் வந்தபோது அதை என்ன செய்தீர்கள் என்பதைத்தான் படிப்பவர் பார்ப்பார். நான் செய்தது தவறு. அதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

என் அத்தை புற்றுநோயில் இறந்தார். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு இரண்டு வருடம் அவருக்குத் துணையாகப் போய்வந்தேன். அந்த வரிசையில் நம் கடற்புறத்து முகங்களை அத்தனை பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டுரையின் முதல் வரியில், 'கறுத்த மணலின் கதிர்வீச்சால் எங்கள் கடற்கரையில் புற்றுநோய் பெருகியிருக்கிறது' என்று எழுதினேன். நெறியாளர் அந்த வரியில் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். 'கறுத்த மணல்' என்பதன் கீழே 'எது?' என்றும், 'பெருகியிருக்கிறது' என்பதன் கீழே 'எந்த ஊர்க் கணக்கு?' என்றும் எழுதியிருந்தார். வேறு ஒரு சொல் இல்லை. அன்று எனக்கு அழுகை வந்தது. அத்தையின் சாவை அவர் சந்தேகிப்பதுபோல் இருந்தது.

முதல் கேள்விக்குப் பதில் கடற்கரையிலேயே கிடந்தது. ஒரு சிரட்டை கறுத்த மணலையும் ஒரு சிரட்டை வெள்ளை மணலையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள். கறுப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், டைட்டானியம் தரும் தாது. கதிர்வீச்சுக்குக் காரணமான தோரியம் இருப்பது மோனசைட்டில். அது தேன் நிறத்தில், மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் மணி. அலை கனமான மணிகளை ஒன்றாக ஒதுக்குவதால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கின்றன. 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் நம் மணலில் கண்டறிந்ததும் இந்த மோனசைட்டைத்தான். கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு அன்று தோரியம் தேவைப்பட்டது. கறுப்பைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியது தேன் நிறத்தைப் பார்த்து. பிறந்ததிலிருந்து அந்த மணலில் நடந்தவளுக்கு இது தெரியாமல் இருந்தது. ஆகவே, எழுத உட்காரும் முன் உங்கள் தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று தனித்தாளில் எழுதுங்கள். சர்ச்சைகளில் பாதி, இரண்டு தரப்பும் ஒரே சொல்லால் வேறு வேறு பொருளைச் சொல்வதால் வருவது.

இரண்டாவது கேள்விதான் என்னைப் புரட்டிப் போட்டது. தேடியபோது கிடைத்தது கேரளத்தின் கருநாகப்பள்ளி ஆய்வு. அங்கும் இதே வகை மணல், இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2005 முடிவு வரை 1,379 பேருக்குப் புற்றுநோய் பதிவானது. வாங்கிய கதிர்வீச்சு அளவோடு புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். நடத்தியது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். அத்தையோடு நான் காத்துக் கிடந்த அதே மையம். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு, அதைப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

மறைத்திருந்தால் கட்டுரை அங்கேயே செத்திருக்கும். எதிர்த்தரப்பில் இருப்பவர் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஆய்வைத்தான். அதை உள்ளே கொண்டுவந்து, அது எதை அளந்தது, எங்கே அளந்தது, எதை அளக்கவில்லை என்று மூன்று கேள்வி கேட்டேன். அது அளந்தது இயற்கைக் கதிர்வீச்சை. மணல் எடுப்பதன் விளைவை அல்ல. அளந்த இடம் கருநாகப்பள்ளி. குளச்சலோ கிள்ளியூரோ அல்ல. கடலரிப்பு, கிணற்று நீர், நிலம் எதுவும் அதன் கேள்வியே இல்லை. ஆகவே 'ஆலையால் ஆபத்தில்லை' என்பதற்கு அது சான்றாகாது. அதே நியாயப்படி, என் முதல் வரிக்கும் அது இடம் தராது. அந்த வரியை அடித்தேன்.

இதோடு 2002-இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படித்தேன். கேரளத்தின் அதே மணற்பகுதியில் தாயிலிருந்து பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில், கதிர்வீச்சு அதிகமான இடத்துக் குடும்பங்களில் மரபணு மாற்றங்கள் கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. போராட்ட மேடைக்கு அது, ஆலைத் தரப்புக்கு கருநாகப்பள்ளி என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் முரண்படவில்லை. ஒன்று மரபணு மாற்றத்தை எண்ணியது, மற்றது புற்றுநோயாளிகளை எண்ணியது. இதை விளக்கி நான் எழுதிய அரைப் பக்கம்தான் அந்தக் கட்டுரையில் எனக்கு இன்றும் பிடித்த பகுதி.

பிறகு கேள்வியைச் சுருக்கினேன். 'மணல் ஆலை நல்லதா கெட்டதா' என்பதற்கு முப்பது பக்கத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. அப்போது கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பால் தள்ளிவைத்திருந்தார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் படித்தேன். ஒரு திட்டத்தால் சூழலுக்கு என்ன ஆகும் என்று மதிப்பிடும் அறிக்கையின் சுருக்கம்தான் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது அந்த அறிவிக்கை. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். கேள்வி கிடைத்துவிட்டது. 'கருத்துக்கேட்புக்கு முன் முழு அறிக்கையும் தமிழில் தரப்பட வேண்டும்' என்பது என் வாதம். இதை மறுத்து ஒருவர் நியாயமாகப் பேச முடியும், நானும் ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியும். நல்ல வாதத்துக்கு இந்த இரண்டும் இருக்க வேண்டும்.

சாதகமான சான்றிலும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். 2020-இல், 2006 அறிவிக்கைக்குப் பதிலாக வந்த புதிய வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. எனக்குக் கரும்பு கிடைத்ததுபோல் இருந்தது. ஆனால் அது ஒரு சட்ட வரைவைப் பற்றியது, தனித் திட்டத்தின் அறிக்கையைப் பற்றியது அல்ல. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றமும் போனது. இரண்டையும் எழுதிவிட்டுத்தான் அதைப் பயன்படுத்தினேன். இன்று நீங்கள் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு அளித்தது. மோனசைட் அணுக் கனிமப் பட்டியலில் வருகிறது. என் கட்டுரையின் தரையே நகர்ந்துவிட்டது. நீங்கள் அங்கிருந்து தொடங்கலாம். என்னுடையதைவிடக் கூர்மையான கேள்வி அதில் இருக்கிறது.

மேற்கோள் முறை, அத்தியாயப் பிரிப்பு எல்லாம் உங்கள் துறையின் வழிகாட்டியில் இருக்கும், அப்படியே செய்யுங்கள். ஊரில் பேட்டி எடுத்தால் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயர் இல்லாமல் எழுதுங்கள். சிறிய ஊர், தெருவைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதிர்த்தரப்புப் பத்தியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் அதைக் கடைசி நாளில், அடிப்பதற்கு வசதியாக, நோஞ்சானாக எழுதுகிறார்கள். நான் அதை முதலில் எழுதினேன். மோனசைட்டைப் பிரித்தெடுத்துவிட்டு மீதி மணலைத் திரும்ப நிரப்பினால் அந்த இடத்தின் கதிர்வீச்சு குறையும் என்கிறது ஆலைத் தரப்பு. அதை அவர்கள் சொல்லும் வலுவோடு எழுதினேன். மொழிபெயர்ப்பில் ஒரு கலைச்சொல் பிழையானாலும் வழக்குக்கு வழி திறக்கும் என்பதையும் எழுதினேன். வேலை பற்றியும் எழுதினேன். எழுதியதைப் பெரியப்பா மகனிடம் கொண்டுபோனேன். அண்ணன் பல வருடமாக ஆலையில் வேலை பார்க்கிறார். இந்த விவகாரத்தில் நானும் அவரும் ஒரு கல்யாண வீட்டில் சத்தமாகச் சண்டை போட்டவர்கள்.

இரவுப் பணி முடித்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று பக்கத்தையும் விரலை ஓட்டிப் படித்தார். "இது நான் சொல்வதுதான். ஆனால் இங்கே தப்பு, மக்கா" என்று ஒரு வரியைத் தொட்டார். 'ஆலைத் தொழிலாளர்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தேன். "நிரந்தரக்காரன் வேறு, ஒப்பந்தக்காரன் வேறு. ஆலை நின்றால் இரண்டு பேருக்கும் ஒரே கஷ்டமா? பிரித்து எழுது." பேனாவை வாங்கி ஓரத்தில் அவரே இரண்டு சொல்லையும் எழுதித் தந்தார். அந்தப் பத்தியை முழுவதும் மாற்றி எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. இரண்டாம் முறை நெறியாளர் பென்சிலே வைக்காமல் விட்ட பக்கம் அதுதான்.

உங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்ப்பாளர்கள் என்கிறீர்கள். ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தியோடு அவர் வீட்டுக்குப் போங்கள்.